வசந்தலேகா ஓடிய பக்கம்

ஜனவரி 5, திங்கள்

பனி. எதிர் வீட்டு வாசல்கூடத் தெரியவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பு. சாக்ஸில் ஒன்றைக் காணோம். ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் சாம்பல். யாரும் கவனிக்கவில்லை.

வருகைப் பதிவில் மறுபடி அதே கூத்து. எங்கள் வகுப்பில் நான்கு லேகா. க. லேகா, ஜெ. லேகா, ஆ. லேகா, நான் மா. லேகா. தமிழ் மிஸ் நோட்டை மூடிவிட்டு, "ஏம்மா, உங்க குப்பத்துல வேற பேரே கிடைக்கலையா?" என்றார். ஆ. லேகா எழுந்து, "கிடைச்சுது மிஸ். அதெல்லாம் ஆம்பளப் பசங்களுக்கு வெச்சிட்டாங்க" என்றாள். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். எனக்கு இப்படிப் பேச வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றும்.

எல்லாம் நடிகை வசந்தலேகாவால். (இனி வ.லே.) ஞாயிற்றுக்கிழமை அவருடைய நினைவு நாள். மகளிர் மன்றத் தலைவி ஸ்டெல்லா ஆன்ட்டி வழியில் நிறுத்தி, "நீதான் பேசணும். புக்கு புக்கா படிக்கிறியே, எங்களுக்கு ஒரு தபா படிச்சிக் காட்டு" என்றார். மறுக்கத் தைரியம் இல்லை.

தலைப்பு: மக்கள் மனத்தில் வாழும் வசந்தலேகா.

குறிப்புகள்:
– தெருமுனையில் தகர போர்டு. மஞ்சள் புடவையில் வ.லே. அவர் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் பெயின்ட் ஒருநாளும் மங்கியதில்லை.
– டெய்லரிடம் ப்ளவுஸுக்கு "லேகா கை" என்றால் போதும், அளவு சொல்ல வேண்டாம்.
– வளைகாப்புக்கு மஞ்சள் புடவை. அக்காவுக்கும் போன மாதம் அதுதான்.
– இங்கே ஒரு படம் எடுத்தபோது, எங்கள் வீட்டில்தான் மீன் குழம்பு சாப்பிட்டார் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எப்படி ஒரே ஆள் அவ்வளவு சாப்பிட முடியும்? (இதைப் பேச்சில் சேர்க்கக் கூடாது.)
– லேகா கட்டு. முந்தானையை நனைத்து மூக்கு வாய் மறைய இறுக்கிக் கட்டுவது. குப்பை எரிந்தாலும், மணலி பக்கத்து ஆலைக் காற்று வந்தாலும், எல்லாப் பெண்களும் அப்படியே கட்டுவார்கள்.
– லேகா ஓட்டம். இதுதான் முக்கியம்.

அந்தப் படத்தில் படகு கட்டும் இடம் தீப்பிடிக்கும். ஊரே புகை. வ.லே. முந்தானையைக் குடத்தில் நனைத்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் கடலுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றுவார். எடுத்தது எங்கள் தெருவில். பின்னால் ஓடியவர்கள் எங்கள் ஜனங்கள். அதனால் ஒவ்வொரு நினைவு நாளிலும் பெண்கள் எல்லாரும் ஈர முந்தானையோடு போர்டிலிருந்து கடல் வரை ஓடுவார்கள். பிறகு பூ. பிறகு பிரியாணி.

ஜனவரி 6, செவ்வாய்

சாயங்காலம் மறுபடி அந்த வாடை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இறால் கம்பெனியிலிருந்து. ஐஸ் அறைக்கு அம்மோனியா வைத்திருக்கிறார்கள். முதலில் மூக்கில் ஊசி குத்தியது போல. பிறகு கண்.

மேரி அக்கா கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீஸிங். இப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்காக வந்திருக்கிறாள். அவள் மூச்சை இழுக்கும்போது வயிறும் சேர்ந்து இறுகுவதைப் பார்த்தேன். இன்ஹேலரைத் தேடினால் தலையணைக்கு அடியில். அவசரத்தில் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அம்மா சாதாரணமாக முந்தானையை நனைத்து அக்காவின் முகத்தில் கட்டினாள். "ஐஸ் கம்பெனின்னா வாடை வரத்தான் செய்யும். உள்ளயே குந்திகினு எத்தினி வருஷமா இறாலு உரிக்கிறேன். எனக்கு இன்னா ஆச்சி?"

"உனக்கு மூக்கு செத்துப்போச்சிம்மா," என்றாள் அக்கா, துணிக்குள்ளிருந்து.

"வாய் பேசுற இல்ல, அப்ப மூச்சு நல்லாத்தான் கீது."

புகார் கொடுக்கலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேலை, சோறு, அப்பா ஓட்டும் கம்பெனி லாரி, எல்லாம் இருந்தது. அப்பா தூத்துக்குடியில். சரக்கு இறக்கிவிட்டுப் பொங்கலுக்குத்தான் வருவார்.

வேதியியல் புத்தகம் பார்த்தேன். அம்மோனியா நீரில் மிக நன்றாகக் கரையும். அப்படியானால் ஈரத்துணி சரி. வ.லே. வேதியியல் படித்திருக்க மாட்டார். ஆனாலும் சரி. கொஞ்சம் நிம்மதி. படுத்த பிறகு நிம்மதி போய்விட்டது. அக்காவின் மூச்சையே கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ஜனவரி 7, புதன்

வெயில். கணக்கில் ஒரு மதிப்பெண் தவறாகக் கூட்டியிருந்தார்கள். கேட்டு வாங்கினேன்.

பள்ளியில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து ஒத்திகை. பெரிய மீசை. ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார். "தீன்னா வேற. கேஸ்னா வேற. கேஸு கசிஞ்சா மொத வேல ஓடறது இல்ல. காத்த பாக்கறது. காத்து போற பக்கம் நீயும் போனா, அது கூடவே வரும். அதுக்குக் குறுக்கால போணும். பக்கவாட்டுல. புரிதா?"

கை தூக்கினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சார், காத்து போற பக்கம் கடல் இருந்தா? கடலுக்குப் போனா தப்பிக்கலாமா?"

"கடலு இன்னாம்மா, கதவு போட்டு கேஸ நிறுத்துமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ரஃப் நோட்டில் வரைந்து பார்த்தேன். மேற்கே கம்பெனி. அப்புறம் ரோடு. போர்டு. எங்கள் தெரு. கிழக்கே கடல். மேற்கிலிருந்து காற்று வந்தால் நாங்கள் வருடா வருடம் ஓடிப் பழகும் வழியும் கேஸ் போகும் வழியும் ஒன்று.

ஜனவரி 8, வியாழன்

விடியற்காலை பால் வாங்கப் போகும்போது ஊதுவத்தி கொளுத்திக்கொண்டு போனேன். பால்கடைக்காரர், "இன்னா பாப்பா, எனக்கா காட்டுற?" என்றார். வெட்கமாக இருந்தது. ஆனால் பார்த்துவிட்டேன். புகை நேராகக் கடல் பக்கம் போனது. பள்ளி விட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போது ரோட்டுப் பக்கம்.

காலையில் காற்று தரையிலிருந்து. மாலையில் கடலிலிருந்து. புவியியலில் ஏழாம் வகுப்பிலேயே படித்தது. படித்தது வேறு, அதே தெருவில் நின்று பார்ப்பது வேறு.

பிறகு கடற்கரைக்குப் போனேன். கரை என்று எங்கே இருக்கிறது? படத்தில் அகலமான மணல். இப்போது கடல் அரித்து, அரிப்பைத் தடுக்க லாரி லாரியாகக் கொட்டிய கருங்கல். ஓட்டத்தின்போது கல் வரைதான் போவோம், நின்று பூ எறிவோம். கல்மேல் ஏறி நான்கே அடி வைப்பதற்குள் எனக்கே கால் வழுக்கியது. அக்காவால் முடியாது. முன்னால் கல், பின்னால் கேஸ்.

திரும்பும்போது ஆ. லேகா அவள் வீட்டு வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தெருவின் கடைசி வீடு, கல்லை ஒட்டி. "இன்னாடி பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "பரீட்சைக்குப் படிடீ. இத்த படிச்சி பயந்துகினு கெடக்காத" என்றாள். ஆனால் கம்பெனி பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். "கம்பெனியப் பத்தி வெளிய வாயத் தொறக்காத. அவ்ளோதான்."

ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் போனேன். நாற்காலி மேல் நின்று போர்டுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். முதலில் வ.லே.யின் முகம், பிறகு கழுத்து, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. இரண்டு மூன்று பெண்கள் சுற்றி நின்று ஆலோசனை.

நான் சொல்லி முடிப்பதற்குள் திரும்பினார். "இன்னா சொன்ன? அவங்க ஓடுன வழி தப்பா?"

"தப்புன்னு சொல்லலை ஆன்ட்டி. காலையில கேஸ் வந்தா அது..."

"நான் அந்த சீன்ல ஓடினவ. எட்டு வயசு. அவங்க புடவைய புடிச்சிகினு ஓடினேன். நீ போன்ல பாத்துட்டு எனக்குச் சொல்றியா?"

"அப்ப எந்தப் பக்கம் ஓடணுங்கற?" என்றார் பக்கத்திலிருந்தவர். "காத்துக்கு எதிரா ஓடுனா நேரா கம்பெனி உள்ள பூந்துக்கணும். இறாலோட இறாலா ஐஸ்ல குந்தலாம்."

எல்லாரும் சிரிப்பு.

"பக்கவாட்டுல. ரோட்டோட, தெற்கால," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஒழுங்கா எழுதிகினு வந்து படி," என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி. "சோக்கா நாலு வார்த்த. அவ்ளோதான் உன் வேல."

வீட்டுக்கு வந்து அழுதேன். அக்கா காரணம் கேட்டாள். சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? குழந்தை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வைத்தாள். உதைத்தது. இன்னும் அதிகமாகப் பயமாகிவிட்டது.

ஜனவரி 10, சனி

பேச்சு எழுத உட்கார்ந்தேன். "கலை வானின் தாரகையே" என்று தொடங்கி அடித்துவிட்டேன்.

அக்காவின் போனில் அந்த ஓட்டக் காட்சியை மறுபடி மறுபடி போட்டேன். அக்கா, "டேட்டா தீந்துடும்டீ, பைத்தியம்" என்றாள். கண்ணீர் வரும் இடத்தில் கண்ணீர் வருகிறது, எத்தனை தடவை பார்த்தாலும். ஒரு கிழவருக்காக வ.லே. பாதி வழியில் திரும்பிப் போவார். முகத்தில் பாதி துணி. கண் மட்டும். அந்தக் கண்ணுக்காகத்தான் ஊரில் பாதிப் பேர் லேகா.

கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றதைப் பார்க்கவில்லை. அக்காதான் சொன்னாள்: "எவ்ளோ காத்து பாரேன். புடவை எப்டி பறக்குது."

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். நிறுத்தினேன்.

வ.லே. கடலைப் பார்த்து ஓடுகிறார். மூக்கில் கட்டியது போக மிச்ச முந்தானை பின்னால் பறக்கிறது. வேகத்தால் என்று நினைத்தேன். ஆனால் கிழவருக்காக அவர் நிற்கும் இடத்தில், ஒரு கணம் அசையாமல் நிற்கும்போதும், அது அதே பக்கம் பறக்கிறது. ஊர்ப் பக்கம். புகையும் ஊர்ப் பக்கம்.

அன்றைக்குக் காற்று கடலிலிருந்து!

அவர் கடலுக்கு ஓடவில்லை. புகைக்கு எதிர்ப் பக்கம் ஓடினார். அந்தப் பக்கம் கடல் இருந்தது. நாங்கள் கடலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

அக்காவைக் கட்டிக்கொண்டேன். "ஏய், வயிறு, வயிறு," என்று கத்தினாள்.

பேச்சை முதலிலிருந்து எழுதினேன். நாளை எல்லாரும் சிரித்தால்?

ஜனவரி 11, ஞாயிறு

வானம் மூட்டம். பூசை முடிந்து மாதா கோயில் மணி அடித்ததும் எல்லாரும் போர்டு அடியில். எல்லாரும் மஞ்சள் புடவை. குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்துத் தயாராக. பின்னால் பிரியாணி அண்டா.

ஓட்டத்துக்குப் பிறகுதான் பேச்சு. நான் ஸ்டெல்லா ஆன்ட்டியின் முன் போய், "முன்னாடியே பேசட்டுமா?" என்றேன். "பசி வந்துட்டா யாரும் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி." இந்த ஒரு பதில் மட்டும் சரியான நேரத்தில் வந்தது. "அதுவும் சரிதான்" என்று மைக்கைக் கொடுத்தார்.

லேகா கை, வளைகாப்பு, மீன் குழம்பு (சேர்த்துவிட்டேன், சிரித்தார்கள்) எல்லாம் சொல்லி, பிறகு முந்தானையைச் சொன்னேன். அது எந்தப் பக்கம் பறந்தது என்று. அவர் காற்றைப் பார்த்து ஓடினார் என்று. காலையில் நம் தெருவில் காற்று வேறு பக்கம் என்று. கம்பெனி பெயரை எடுக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

முடித்ததும் கைதட்டல் இல்லை.

அப்போது ஸ்டெல்லா ஆன்ட்டி மெதுவாக, மைக் இல்லாமல், "அன்னிக்கிப் பூரா குந்த வெச்சாங்க," என்றார்.

"இன்னா ஆன்ட்டி?" என்று யாரோ.

"ஷூட்டிங்ல. காலைலேந்து மேக்கப் போட்டுகினு குந்தினு இருந்தோம். எங்கம்மாகூட கத்துச்சி, கொயந்தைக்குப் பசிக்கிதுன்னு. டைரக்டரு சொல்லிகினே இருந்தாரு, இரும்மா, காத்து திரும்பட்டும், காத்து திரும்பட்டும்னு. சாயங்காலம் கடல் காத்து வந்தப்புறம்தான் நெருப்பு வெச்சாங்க. எங்க கண்ணே எரியல." கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். "இத்தினி வருஷமா அத்த நெனைக்கவே இல்ல பாரேன்."

பிறகு முந்தானையைக் கட்டிக்கொண்டு, "சரி, வாங்கடி. இன்னிக்கு அவங்களுக்கோசரம் ஓடுறோம்," என்றார். எல்லாரும் கடலுக்குத்தான் ஓடினார்கள். நானும்.

ஆ. லேகாவும் அவள் அம்மாவும் வரவில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குக் காசிமேடு. தெற்கே ஓட வேண்டும் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ஆ. லேகா பள்ளிக்கு வரவில்லை. இன்னும் கல்யாண வீடு போல. சாயங்காலம் போனேன், பூட்டு. வாடை இல்லை. வாடை இல்லாததும் பயமாக இருக்கிறது. பிரியாணி மிச்சம் சாப்பிட்டு அம்மாவுக்கு வயிற்று வலி.

ஜனவரி 13, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன், எப்போது மாட்டினேன் என்று தெரியவில்லை. உள்ளே இந்த நோட்டு. எழுதாவிட்டால் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பனியாக இருந்தது. விடிந்தும் விடியாமல். ஒரு சத்தம், லாரி டயர் வெடித்தது போல. பிறகு கம்பெனி சங்கு. பிறகு நாய்கள். வாடை வந்தபோது அது வாடையாக இல்லை, அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா குடத்தோடு தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினாள். அக்காவுக்கு நான் கட்டினேன். முடிச்சு விழவில்லை, மறுபடி கட்டினேன்.

வெளியே எல்லாரும். எல்லார் முகத்திலும் லேகா கட்டு. வெள்ளையாக ஏதோ பனியோடு பனியாகத் தரையை ஒட்டி வந்தது. கால்கள் எல்லாம் தானாகக் கடல் பக்கம் திரும்பின. என் காலும்தான். அவ்வளவு யோசித்த என் காலும்.

போர்டு அடியில் ஸ்டெல்லா ஆன்ட்டி. ஓடவில்லை. மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, முந்தானையின் மறு முனையை இன்னொரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஈரத்துணி கனமாக, மெதுவாக எழும்பிக் கடல் பக்கம் நீண்டது.

"கடலுக்கு வோணாம்! தெக்கால! ரோட்டோட தெக்கால ஓடுங்கடி!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஒருவர் மாறி ஒருவராகத் திரும்பினார்கள். மஞ்சள் புடவை, நைட்டி, லுங்கி, எல்லாம் ரோட்டுக்கு. ஓரிடத்தில், கோடு போட்டது போல, காற்று சுத்தமாகிவிட்டது. அங்கே நின்று வாந்தி எடுத்தேன்.

அக்காவால் நடக்க முடியவில்லை. மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்று நின்றது. டிரைவர், "ஏத்துமா, ஏத்து, பெட்டிய தள்ளு" என்றார். வழி முழுக்க அக்காவின் நெஞ்சில் விசில். பிறகு விசிலும் இல்லை. அம்மா அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே, "இந்தாடி, என்னப் பாரு, வாய் பேசு, மூக்கு செத்துப்போச்சின்னு சொல்லு" என்றாள்.

உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண் மூடியிருந்தாள். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். "இரும்மா" என்றார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனி சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். அவர் பெயரைப் பார்த்துவிட்டு அம்மா போனை அணைத்துவிட்டாள்.

நம் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இருமல். ஸ்டெல்லா ஆன்ட்டிக்குக் கண் கட்டியிருக்கிறது. கடைசி வரை அங்கேயே நின்றாராம். "எல்லாரும் வந்துட்டாங்களா? பாத்து எண்ணு" என்கிறார் என்னிடம்.

ஆ. லேகா வீட்டை யாரும் பார்க்கவில்லை. நேற்று ராத்திரி கல்யாணத்திலிருந்து திரும்பிவிட்டார்கள் என்று க. லேகா சொல்கிறாள். கடைசி வீடு. கல்லை ஒட்டி. கத்தியது அங்கே கேட்டிருக்காது. அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே காசிமேட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "லேகா யாரும்மா? உள்ள ஒரு பேஷண்ட் கண்ணு முழிச்சிட்டாங்க. லேகா, லேகான்னு கேக்கறாங்க."

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் க. லேகா எழுந்தாள், அவள் அம்மா உள்ளே. ஜெ. லேகா எழுந்தாள். எனக்குத் தெரியாத ஓர் ஆன்ட்டி எழுந்தார். வராந்தாவின் அந்தக் கோடியில், தலையோடு நனைந்து, முழங்காலில் கல் கிழித்த ரத்தத்தோடு ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆ. லேகா! அவள் அம்மாவும் உள்ளே இருக்கிறார் போல. என்னைப் பார்த்தாள்.

நர்ஸ் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த லேகா?"

யாருக்கும் தெரியவில்லை. இனிஷியல் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். நின்றுகொண்டே எழுதுகிறேன். யாரும் உட்காரவில்லை.